பழைய பிரிட்டிஷ் டிவி காமெடிகள் பல ஏன் காணாமல் போயின, மிஞ்சியவை ஏன் இன்னும் சிரிக்க வைக்கின்றன?

நீங்கள் கேட்டதில் மூன்று கேள்விகள் கலந்திருக்கின்றன. ஐம்பது அறுபது வருஷத்துக்கு முந்தைய பிரிட்டிஷ் டிவி காமெடிகளை இன்னமும் ஏன் இத்தனை பேர் தேடித் தேடிப் பார்க்கிறார்கள். அவற்றில் நிறைய அழிந்துவிட்டன என்கிறார்களே, அது நிஜமா. அப்படியே அழிந்திருந்தாலும் ஸ்கிரிப்ட் இருக்குமே, திரும்ப எடுத்துவிட்டால் என்ன. என்னைக் கேட்டால் மூன்றாவதுதான் முக்கியமான கேள்வி. ஏனென்றால் ஸ்கிரிப்டை வைத்துத் திரும்ப எடுத்தும் பார்த்துவிட்டார்கள். பழையது கிடைக்கவில்லை. அது ஏன் என்று யோசித்தால் மற்ற இரண்டுக்கும் பதில் தானாக வந்துவிடும்.

முதலில் அழிந்த கதை. ஆமாம், நிஜம்தான். 1950களில் டிவி நிகழ்ச்சி பெரும்பாலும் நேரலை. ஸ்டூடியோவில் நடிப்பார்கள், வீட்டில் பார்ப்பார்கள், அத்தோடு முடிந்தது. பதிவு வேண்டுமென்றால் டிவி திரைக்கு எதிரே ஃபிலிம் கேமராவை வைத்துப் படம் பிடிக்க வேண்டும். 1956ல் அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் நிறுவனம் இரண்டு அங்குல அகல வீடியோ டேப்பைக் கொண்டுவந்தது, 1958லிருந்து பிபிசியும் அதைப் பயன்படுத்த ஆரம்பித்தது. அந்த டேப் கன விலை. ஆனால் அதில் ஒரு வசதி, அழித்துவிட்டு மறுபடி பதிவு செய்யலாம். ஆக, டேப்பை யாரும் நிகழ்ச்சியைச் சேமித்து வைக்கிற பொருளாகப் பார்க்கவே இல்லை. இன்றைக்கு எடுத்து நாளை மறுநாள் ஒளிபரப்புகிற வசதிக்காக வாங்கிய சாமான் அது, வேலை முடிந்ததும் அடுத்த நிகழ்ச்சிக்குப் போய்விடும்.

இதற்கு மேல் இன்னும் சில காரணங்கள் சேர்ந்துகொண்டன. நடிகர் சங்கத்தோடும் இசைக்கலைஞர் சங்கத்தோடும் போட்ட ஒப்பந்தப்படி ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிட்ட காலத்துக்குள் ஒன்றிரண்டு முறைதான் மறுஒளிபரப்பு செய்யலாம், அதற்கப்புறம் என்றால் மறுபடி பேசிப் பணம் கொடுக்க வேண்டும். பழையதையே போட்டுக்கொண்டிருந்தால் புதிய வேலை எப்படிக் கிடைக்கும் என்ற நடிகர்களின் பயமும் நியாயமான பயம்தான். வீட்டில் கேசட் போட்டுப் பார்க்கிற காலம் வரவில்லை. 1967ல் பிபிசி டூவிலும் 1969 நவம்பரில் மற்ற சேனல்களிலும் கலர் வந்ததும், கறுப்பு வெள்ளையை இனி யார் வாங்கப் போகிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். போதாக்குறைக்கு, பிபிசியின் ஃபிலிம் நூலகம் ஃபிலிமை மட்டும்தான் கவனித்துக்கொண்டது. வீடியோ டேப் பொறியியல் துறையின் கையில் இருந்தது. வெளிநாட்டுக்கு விற்ற ஃபிலிம் பிரதிகள் வேறொரு பிரிவின் பொறுப்பு. எல்லாவற்றிலும் ஒரு பிரதியாவது இருக்கிறதா என்று பார்ப்பது யாருடைய வேலையாகவும் இருக்கவில்லை. மற்ற துறையில் இருக்கும் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டு அழித்ததுதான் பாதிக் கதை. 1978 வாக்கில்தான் முறையான காப்பகக் கொள்கை வந்தது, அழிப்பதும் நின்றது.

தனியார் சேனல்களின் கதை இன்னும் மோசம். லண்டனில் ரீடிஃப்யூஷன் என்றொரு கம்பெனி இருந்தது, 1968ல் அதன் ஒளிபரப்பு உரிமம் போய்விட்டது. கம்பெனியே இல்லை என்றால் அதன் டேப்பை யார் பாதுகாப்பார்கள்? ஜான் கிளீஸ், மார்ட்டி ஃபெல்ட்மன் எல்லாம், 'மான்டி பைதான்' என்ற புகழ்பெற்ற காமெடி நிகழ்ச்சி வருவதற்கு முன்னால், 1967ல் செய்த 'அட் லாஸ்ட் தி 1948 ஷோ' அங்கே எடுத்ததுதான். பெரும்பகுதி போய்விட்டது. சுவீடன் டிவிக்காகத் தொகுத்த சில எபிசோடுகள் இருந்தன, அப்புறம் துண்டு துண்டாகக் கிடைத்தன. 2014ல், அதைத் தயாரித்த டேவிட் ஃப்ராஸ்டின் சொந்தச் சேகரிப்பிலிருந்து இரண்டு முழு எபிசோடுகள் கிடைத்தன. நான்கு பணக்காரர்கள் உட்கார்ந்துகொண்டு சின்ன வயதில் யார் அதிகம் கஷ்டப்பட்டோம் என்று போட்டி போடுகிற காட்சியைப் பலர் பைதானுடையது என்று நினைக்கிறார்கள். அது இந்த நிகழ்ச்சியில்தான் பிறந்தது.

இந்த அழிப்பை நான் பெரும்பாலும் மன்னித்துவிடுவேன், அந்தக் காலத்து நிலைமை அப்படி. ஒன்றை மட்டும் மன்னிக்க முடியவில்லை. பீட்டர் குக்கும் டட்லி மூரும் 1965லிருந்து 1970 வரை செய்த 'நாட் ஒன்லி பட் ஆல்ஸோ'. அதன் டேப்புகளை அழிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், செலவை நாங்கள் தருகிறோம், புது டேப்பும் வாங்கித் தருகிறோம், அதை விட்டுவிடுங்கள் என்று கேட்டார்கள். பிபிசி ஒத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கு அதில் பெரும்பகுதி இல்லை. வெளிப்புறக் காட்சிகள் ஃபிலிமில் எடுக்கப்பட்டதால் அவற்றில் சில தப்பித்தன. ஸ்டூடியோவில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் மற்றவரைச் சிரிக்க வைத்துவிடப் பார்த்து, மூர் சிரிப்பை அடக்க முடியாமல் சாண்ட்விச்சில் முகத்தை மறைத்துக்கொள்கிற மாதிரியான காட்சிகள் சொற்பம்தான் மிஞ்சியிருக்கின்றன. பணம் கொடுக்க ஆள் இருந்தும் போனது அது.

சரி, இப்போது மூன்றாவது கேள்வி. இதற்கு 'டாட்ஸ் ஆர்மி'யை விட நல்ல உதாரணம் கிடையாது.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டாம் உலகப்போர், 1940. ஜெர்மனி எந்த நேரமும் கடல் தாண்டி வரலாம் என்ற பயம். ராணுவத்தில் சேர முடியாத கிழவர்களும் பொடியன்களும் சேர்ந்து ஊர்க்காவல் படை அமைக்கிறார்கள். வால்மிங்டன்-ஆன்-சீ என்ற கற்பனைக் கடற்கரை ஊர். அந்த ஊர் வங்கி மேனேஜர் மெயின்வேரிங் தன்னைத் தானே கேப்டனாக நியமித்துக்கொள்கிறார். ஜிம்மி பெரியும் டேவிட் க்ராஃப்டும் எழுதியது, 1968லிருந்து 1977 வரை 80 எபிசோடுகள். பெரி சிறுவனாக இருந்தபோது நிஜமாகவே அந்தப் படையில் இருந்தவர். படையின் கடைக்குட்டிப் பையன் பைக் பாத்திரத்தில் அவர்தான் இருக்கிறார்.

இரண்டாவது சீரிஸில் மூன்று எபிசோடுகள் இன்றும் இல்லை. ஆனால் அந்த மூன்றின் ஸ்கிரிப்டும் இருக்கிறது. அதே காலத்து நடிகர்கள் 1970களில் நடித்த வானொலி வடிவமும் இருக்கிறது. 'எ ஸ்ட்ரைப் ஃபார் ஃப்ரேஸர்' என்ற ஒன்றுக்கு மூல ஒலிப்பதிவே கிடைத்துவிட்டது. அதற்கு 2016ல் அனிமேஷன் செய்தார்கள். 2019ல் கோல்டு சேனல் புதிய நடிகர்களை வைத்து மூன்றையும் திரும்ப எடுத்தது. கெவின் மெக்நாலி மெயின்வேரிங்காக நடித்தார், நன்றாகவே நடித்தார், கேலி செய்ய ஒன்றுமில்லை. செட், உடை, ஒளி எல்லாம் சரியாக இருந்தது. ஆக ஒரே கதை எழுத்தாக, வானொலியாக, படமாக, புதிய நடிப்பாக நம் கையில் இருக்கிறது. எல்லாவற்றையும் பார்த்து முடித்தாலும், பழைய மெயின்வேரிங்காக நடித்த ஆர்தர் லோ அந்த இடத்தில் என்ன செய்திருப்பார் என்றுதான் மனம் கேட்கிறது.

அவர் என்ன செய்வார் என்பதற்கு ஒரு காட்சி சொல்கிறேன். 1973ல் வந்த 'தி டெட்லி அட்டாச்மென்ட்'. ஒரு ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் கேப்டனும் அவன் ஆட்களும் பிடிபட்டு இந்தக் கிழவர் படையின் காவலில் இருக்கிறார்கள். ஃபிலிப் மேடக் அந்த ஜெர்மானியனாக நடிக்கிறார், முகத்தில் ஈவு இரக்கம் கிடையாது. யார் யார் தன்னை அவமதிக்கிறார்களோ அவர்கள் பெயரை ஒரு நோட்டில் எழுதிக்கொள்கிறான், போரில் ஜெயித்த பிறகு கணக்குத் தீர்ப்பானாம். பையன் பைக் ஹிட்லரைக் கிண்டல் செய்து ஒரு பாட்டுப் பாடுகிறான். உன் பெயரும் பட்டியலில் சேரும், உன் பெயர் என்ன என்று ஜெர்மானியன் கேட்கிறான். மெயின்வேரிங் உடனே, "அவனிடம் சொல்லாதே, பைக்!" என்கிறார். அவ்வளவுதான் காட்சி. பிரிட்டனில் டிவி காமெடியின் தலைசிறந்த வரி எது என்று கேட்டால் இதைச் சொல்ல ஒரு பெரிய கூட்டமே இருக்கிறது.

எழுத்தில் படித்தால் சுமாரான ஜோக், வருவது முன்கூட்டியே தெரிந்துவிடும். திரையில் பாருங்கள். லோ அந்த வரியைப் பொறுப்பான அதிகாரியின் குரலில், பையனைக் காப்பாற்றுகிற நல்லெண்ணத்தோடு, துளிகூடக் காமெடி இல்லாமல் சொல்கிறார். தான் செய்தது மெயின்வேரிங்குக்குப் புரிவதற்குள் ஸ்டூடியோவில் உட்கார்ந்திருந்த ஜனங்களுக்குப் புரிந்துவிடுகிறது, சிரிப்பு வெடிக்கிறது, நடிகர்கள் அந்தச் சிரிப்பு அடங்கும்வரை பாத்திரத்தை விட்டு நழுவாமல் நிற்கிறார்கள். அந்த நிற்பது ஸ்கிரிப்டில் கிடையாது. எத்தனை நொடி நிற்பது என்பது அன்றைக்கு அந்த அறையில் இருந்த ஜனங்களும் நடிகரும் சேர்ந்து அந்தக் கணத்தில் முடிவு செய்தது. டேப் போனால் போவது இதுதான்.

காமெடி நடிகர் டோனி ஹான்காக்கின் 'தி பிளட் டோனர்' என்ற எபிசோடு இன்னொரு விதத்தில் இதையே காட்டுகிறது. 1961ல் வந்தது. எழுதியவர்கள் ரே கால்ட்டன், ஆலன் சிம்ப்ஸன். ஒளிப்பதிவுக்குச் சில நாள் முன்னால் ஹான்காக் கார் விபத்தில் சிக்கிக்கொண்டார், வசனம் மனப்பாடம் செய்ய முடியவில்லை. ஸ்டூடியோவில் அங்கங்கே வசனத்தை எழுதி வைத்துப் படித்துக்கொண்டே நடித்தார். கூர்ந்து பார்த்தால் எதிரே பேசுகிறவரை விட்டுவிட்டு அவர் கண் வேறெங்கோ போவது தெரியும். தெரிந்தும், ரத்தம் கொடுக்கப் போனவர், ஒரு பைன்ட் வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், அது கிட்டத்தட்ட ஒரு முழுக் கையில் இருக்கிற ரத்தமாயிற்றே என்று பதறுகிற இடத்தில் சிரிக்காமல் இருக்க முடியாது. அடிபட்ட மனிதர் அந்த நிலையிலும் என்ன மாதிரி நேரம் பிடித்து வரியை விடுகிறார் என்பது அந்தப் பதிவு இருப்பதால்தான் நமக்குத் தெரியும்.

தப்பித்தவை எப்படித் தப்பித்தன என்று பார்த்தால், பெரும்பாலும் யாரோ ஒருவருக்கு மனசு வராததால்தான். 'டாட்ஸ் ஆர்மி'யின் இரண்டாவது சீரிஸில் முதலில் காணாமல் போனவை ஐந்து. 1970களின் தொடக்கத்தில் எல்ஸ்ட்ரீ ஃபிலிம் ஸ்டூடியோவில் குப்பையில் எறிந்த ஃபிலிம் டப்பாக்களை ஒருவர் எடுத்துக்கொண்டு போனார். அவை ஏறக்குறைய முப்பது வருஷம் ஒரு தோட்டத்துக் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்தன. 2001ல் வெளியே வந்து பார்த்தால் 'ஆபரேஷன் கில்ட்', 'தி பேட்டில் ஆஃப் காட்ஃப்ரீஸ் காட்டேஜ்' என்ற இரண்டு எபிசோடுகள். மிச்சம் மூன்று.

கால்ட்டனும் சிம்ப்ஸனும் எழுதிய 'ஸ்டெப்டோ அண்ட் சன்' முழுசாக இருக்கிறது. பழைய சாமான் வாங்கி விற்கிற அப்பனும் மகனும், விட்டுப் போகத் துடிக்கிற மகன், விடாத அப்பன். அப்பனாக நடித்த வில்ஃப்ரிட் பிராம்பெல்லுக்கும் மகனாக நடித்த ஹாரி கார்பெட்டுக்கும் நிஜத்தில் பதின்மூன்று வயதுதான் வித்தியாசம், நம்பவே முடியாது. 1970ல் வந்த கலர் எபிசோடுகளில் பலவற்றின் மாஸ்டர் டேப் அழிக்கப்பட்டுவிட்டது. ஆனால் எழுத்தாளர்களுக்காக ஆரம்பகால வீட்டு வீடியோ மெஷினில், அரை அங்குல டேப்பில், கறுப்பு வெள்ளையில் பிரதி எடுத்து வைத்திருந்தார்கள். இன்று நாம் பார்ப்பது அதைத்தான். படம் கொஞ்சம் மங்கல், ஓரம் நடுங்கும், அதனால் என்ன.

பாப் மங்க்ஹவுஸ் கதையைச் சொல்லாமல் விட முடியாது. மேடையிலும் டிவியிலும் கொடிகட்டிப் பறந்த காமெடி நடிகர். வீட்டு வீடியோ மெஷின் வந்த புதிதிலேயே, 1960களில், ஒன்று வாங்கிவிட்டார். டிவியில் வந்ததையெல்லாம் பதிவு செய்தார், ஃபிலிம்களும் சேர்த்தார். 1970களின் கடைசியில் திருட்டு ஃபிலிம் வைத்திருந்தார் என்று வழக்குப் போட்டார்கள், ஓல்ட் பெய்லி நீதிமன்றம் வரை போய் விடுதலை ஆனார். 2003ல் இறந்தார். பழைய டிவியைத் தேடிக் காப்பாற்றுகிற கெலைடோஸ்கோப் என்ற அமைப்பிடம் அவர் சேகரிப்பு போய்ச் சேர்ந்தபோது, வேறெங்கும் இல்லாத நிகழ்ச்சிகள் அதில் இருந்தன. குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்ட மனிதர்தான் ஒரு காலத்தின் சிரிப்பைப் பத்திரப்படுத்தியவர்களில் ஒருவர்.

கிடைத்தால் மட்டும் போதாது, கிடைத்ததைப் பார்க்கிற மாதிரி ஆக்க வேண்டும். இந்த வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்தது 2008ல் நடந்தது. 1969ல் கலரில் எடுத்த 'ரூம் அட் தி பாட்டம்' என்ற 'டாட்ஸ் ஆர்மி' எபிசோடு, முறைப்படி நியமனமே ஆகாதவர் என்று தெரிந்து மெயின்வேரிங் சாதாரணச் சிப்பாயாக இறக்கப்படுகிற கதை. கலர் டேப் அழிந்துபோய், கறுப்பு வெள்ளை ஃபிலிம் பிரதி மட்டும் இருந்தது. கலர் டிவி சிக்னலில் நிறத் தகவல், கறுப்பு வெள்ளைப் படத்தின் மேலேயே நுணுக்கமான அலையாக ஏறி வரும். கறுப்பு வெள்ளைத் திரையில் அது கண்ணுக்குச் சரியாகத் தெரியாத புள்ளிக் கோலமாக விழும். ஃபிலிமில் படம் பிடித்தபோது அந்தப் புள்ளிகளை வடிகட்டி எடுக்காமல் விட்டிருந்தார்கள். அதாவது, கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்குள் கலர் ஒளிந்துகொண்டு நாற்பது வருஷம் இருந்திருக்கிறது. பிபிசியைச் சேர்ந்த ஜேம்ஸ் இன்செல் இதை முன்னெடுத்தார், ரிச்சர்ட் ரஸல் அதற்கு மென்பொருள் எழுதினார். ஃபிலிமை மிக நுண்ணியமாக ஸ்கேன் செய்து, திரையின் வளைவால் நெளிந்துபோன கோடுகளை நேராக்கி, புள்ளிகளைப் படித்து, எந்த இடம் காக்கி, எந்த இடம் முகத்தின் நிறம் என்று எடுத்தார்கள். யாரோ ஊகித்துப் பூசிய நிறம் இல்லை, அன்றைக்குக் கேமரா பார்த்த அதே நிறம். 2008 டிசம்பரில் கலரில் ஒளிபரப்பானது.

இன்னொன்றும் உண்டு. மோர்கம், வைஸ் என்ற காமெடி ஜோடி பிபிசியில் செய்த முதல் சீரிஸின் ஒரு ஃபிலிம் ஆப்பிரிக்காவில் கிடைத்தது. ஆனால் கெட்டுப்போய், உருகி ஒட்டிக் கட்டியாகிவிட்டது. பிரித்தால் பொடிந்துவிடும். லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தில் பற்களை ஆராய வைத்திருந்த எக்ஸ்ரே ஸ்கேனரில் அந்தக் கட்டியை வைத்து, பிரிக்காமலேயே உள்ளே இருந்த படங்களைப் படிக்க முயன்று, துண்டு துண்டாக எடுத்தும் காட்டினார்கள். எதற்கு இத்தனை பாடு என்று ஒருவர் கேட்கலாம். எரிக் மோர்கம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேமராவை ஒரு பார்வை பார்ப்பதைக் கண்டவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

இனி, ஏன் இன்னும் பிடிக்கிறது என்பது. நேரம் பிடித்து நடிப்பது பற்றிச் சொல்லிவிட்டேன், அதற்கு ஸ்டூடியோ ஜனங்கள் எவ்வளவு முக்கியம் என்பதையும். இரண்டாவது, எழுத்து. ஒரு வருஷத்துக்கு ஆறு அல்லது ஏழு எபிசோடு, பெரும்பாலும் ஒருவரோ இருவரோ உட்கார்ந்து எழுதியது. அமெரிக்காவில் அறை நிறைய எழுத்தாளர்களை வைத்து இருபதுக்கு மேல் தயாரிப்பார்கள். 'ஃபால்டி டவர்ஸ்' மொத்தமே 12 எபிசோடுதான், 1975ல் ஆறு, 1979ல் ஆறு. ஜான் கிளீஸும் கானி பூத்தும் எழுதியது. முதல் ஸ்கிரிப்டைப் படித்த பிபிசி அதிகாரி ஒருவர், தலைப்பைப் போலவே உள்ளடக்கமும் படு மோசம், இது பேரழிவாகத்தான் முடியும் என்று 1974 மே மாதம் குறிப்பு எழுதினார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். காகிதத்தில் அது முன்கோபக்கார ஹோட்டல் முதலாளி, அதட்டுகிற மனைவி, மொழி புரியாத வெயிட்டர், அவ்வளவுதான். கிளீஸின் நீளக் கால்களும் ஆண்ட்ரூ சாக்ஸின் திருதிரு முழிப்பும் காகிதத்தில் தெரியாதே.

மூன்றாவதாக, எனக்கு மிக முக்கியமாகப் படுவது, இந்தக் காமெடிகளின் நாயகர்கள் எல்லோரும் மாட்டிக்கொண்டவர்கள். ஸ்டெப்டோ மகன் அப்பனிடம் மாட்டிக்கொண்டான். 'ஃபால்டி டவர்ஸ்' ஹோட்டல் முதலாளி பேஸில் ஃபால்டி தான் வெறுக்கிற தொழிலில். 'போரிட்ஜ்' நாயகன் நேராகச் சிறையிலேயே. மெயின்வேரிங் தன் அந்தஸ்தில் மாட்டிக்கொண்டவர், இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். வங்கியில் மேனேஜர் அவர், படையில் கேப்டன் அவர். ஆனால் அவருக்குக் கீழே வேலை செய்கிற வில்சன் உயர்குடியில் பிறந்தவர், பெரிய பள்ளியில் படித்தவர், எதையும் அலட்டிக்கொள்ளாமல் மெல்லிய குரலில் "இது புத்திசாலித்தனம்தானா சார்?" என்று கேட்பார். பதவியில் மேலே இருந்தும் பிறப்பால் கீழே இருக்கிற வேதனை மெயின்வேரிங்கை ஒவ்வொரு நிமிஷமும் அரிக்கிறது. நம் ஊர் அலுவலகத்தில் ஒரு மாதம் வேலை பார்த்தவருக்கு இதை விளக்கவே வேண்டாம். லோவையும், வில்சனாக நடித்த ஜான் லெ மெஸுரியரையும் பார்த்தால் யாரும் லெ மெஸுரியரைத்தான் கேப்டனாகப் போட்டிருப்பார்கள், மாற்றிப் போட்டதில்தான் முழு நிகழ்ச்சியும் நிற்கிறது.

இன்னொன்று, அந்தக் கிழவர்கள் ஜெர்மானியன் வந்தால் எதிர்த்து நின்று சாவார்கள் என்பதில் நிகழ்ச்சிக்குச் சந்தேகமே கிடையாது. அவர்களைப் பார்த்துச் சிரித்தாலும் மரியாதை குறையவில்லை. காட்ஃப்ரீ என்ற சாதுவான முதியவராக நடித்த ஆர்னல்ட் ரிட்லி முதல் உலகப்போரில் சொம் போர்க்களத்தில் படுகாயப்பட்டவர். படையில் இன்னொருவராக நடித்த ஜான் லோரியும் அந்தப் போரைப் பார்த்தவர். மற்றொரு நடிகர் கிளைவ் டன் இரண்டாம் போரில் ஜெர்மானியரிடம் வருஷக்கணக்கில் கைதியாக இருந்தவர். போர் என்றால் என்னவென்று தெரிந்தவர்கள் சேர்ந்து செய்த காமெடி அது, அந்தக் கனம் திரையில் தெரிகிறது.

எல்லாம் இனிமை என்று சொல்லவில்லை. அதே பெரி, க்ராஃப்ட் ஜோடி 1974லிருந்து 1981 வரை செய்த 'இட் ஐன்ட் ஹாஃப் ஹாட் மம்' இந்தியாவில் தியோலாலி ராணுவ முகாமில் நடக்கிறது. அதில் ரங்கி ராம் என்ற இந்தியனாக நடித்தவர் மைக்கேல் பேட்ஸ், ஜான்சியில் பிறந்த வெள்ளைக்காரர், முகத்தில் சாயம் பூசிக்கொண்டு நடித்தார். பிபிசி அதை இப்போது மறுஒளிபரப்பு செய்வதில்லை, டிவிடியில் கிடைக்கிறது. 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' நம் பக்கம் எவ்வளவு பிரபலம் என்பது உங்களுக்கே தெரியும். அதில் ரஞ்சித் சிங்காக வந்த ஆல்பர்ட் மோசஸ் இலங்கையின் கம்பளையில் பிறந்தவர். நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே, இனங்களைக் கொச்சையாகக் காட்டுகிறது என்று சேனல் அதிகாரி மைக்கேல் கிரேடு அதை நிறுத்தினார். எனக்கு நிறுத்தியதும் புரிகிறது, ஆசிய நடிகர்களுக்கு அன்றைக்கு வேறு வேலையே கிடைக்காத நிலையும் புரிகிறது. ஒளிபரப்புவதும் வேண்டாம் என்பதும் அந்தந்தக் காலத்து முடிவு. ஆனால் மாஸ்டர் பிரதியைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. 2020ல் 'ஃபால்டி டவர்ஸ்' எபிசோடு ஒன்றை யூகேடிவி எடுத்துவிட்டு, எதிர்ப்பு வந்ததும் முன்னெச்சரிக்கைக் குறிப்போடு திரும்பப் போட்டது. அந்தக் குறிப்பே போதும் என்பேன்.

இன்றைக்கு ஆபத்து தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. இரண்டு அங்குல டேப்பை ஓட்டுகிற மெஷின்கள் அருகிப்போனதால் பிபிசி 1990களில் எல்லாவற்றையும் டி3 என்ற டிஜிட்டல் டேப்புக்கு மாற்றியது. கொஞ்ச காலத்திலேயே அந்த டி3 மெஷினும் வழக்கொழிந்து, அதிலிருந்து கம்ப்யூட்டர் கோப்புகளுக்கு மறுபடி மாற்ற வேண்டியதாயிற்று. இந்த மாற்றுகிற வேலை முடிவே இல்லாதது, செலவுக்கு வருஷா வருஷம் யாராவது சம்மதித்துக்கொண்டே இருக்க வேண்டும். வெளியீட்டுப் பக்கமும் அப்படித்தான். அதிகம் பேர் கேட்காத பழைய நிகழ்ச்சிகளையெல்லாம் டிவிடியில் போட்டுக்கொண்டிருந்த நெட்வொர்க் நிறுவனம் 2023ல் மூடப்பட்டது, அதன் வெளியீடுகள் பல இப்போது பழைய புத்தகக் கடை விலையில்கூடக் கிடைப்பதில்லை. ஸ்ட்ரீமிங் தளங்கள் பெரிய பெயர்களை மட்டும்தான் வைத்திருக்கின்றன. டாக்கிங் பிக்சர்ஸ் டிவி என்று ஒரு குடும்பம் 2015லிருந்து நடத்துகிற சின்னச் சேனல் பழையதைத் தேடி எடுத்துப் போடுகிறது, பிரிட்டனில் இருக்கும் உறவினர்கள் யாராவது இருந்தால் பார்க்கச் சொல்லுங்கள். பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் 1993லிருந்து கண்டெடுத்தவற்றைத் திரையிட்டு வருகிறது, அந்தத் திரையிடல்களைப் பார்த்துவிட்டுத் தங்கள் பரணில் இருப்பதைக் கொண்டுவந்து கொடுத்தவர்களும் உண்டு.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்றால், 'யெஸ் மினிஸ்டர்' நம்மவர்களுக்கு எளிதான வாசல். மந்திரிக்கும் செயலாளருக்கும் நடக்கிற இழுபறியில் இங்கிலாந்து, இந்தியா என்று வித்தியாசமே இல்லை, 2001ல் ஃபாரூக் ஷேக்கை வைத்து இந்தியிலேயே எடுத்தார்கள். அப்புறம் 'ஃபால்டி டவர்ஸ்', அதற்குப் பிறகு 'டாட்ஸ் ஆர்மி'. 'டாட்ஸ் ஆர்மி'யை முதல் எபிசோடிலிருந்து பார்க்க வேண்டும் என்பதில்லை, 1969க்கு மேல் எதை வேண்டுமானாலும் எடுங்கள், மனிதர்கள் பிடிபட இரண்டு மூன்று எபிசோடு ஆகும், அதுவரை பொறுங்கள். ஹான்காக்கையும் ஸ்டெப்டோவையும் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், அவற்றின் பேச்சு வேகமும் லண்டன் உச்சரிப்பும் கொஞ்சம் பழக வேண்டும். உச்சரிப்பு புரியவில்லை என்றால் முதல் முறை சப்டைட்டிலோடு பாருங்கள், தப்பில்லை. ஆனால் பிடித்துப்போன எபிசோடை இரண்டாம் முறை பார்க்கும்போது சப்டைட்டிலை அணைத்துவிடுங்கள், நடிகர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே வரி கீழே வந்து நின்றுவிடுகிறது.